தொடர்பில் இருந்தவர்கள்

வட்டத்துக்குள் நிற்கவும் என்று பலகை சொல்கிறது, ஆனால் கூடைப்பந்து மைதானத்தில் சுண்ணாம்பால் போட்டிருப்பது வட்டமே இல்லை, முட்டை, அதிலும் ஒரு பக்கம் நசுங்கிய முட்டை, இதைப் போட்டவருக்கு வடிவியல் மேல் எந்த மரியாதையும் கிடையாது, இருந்தாலும் நிற்கிறேன், இரண்டு காலையும் உள்ளே வைத்துக்கொண்டு, ஏனென்றால் இரண்டு முட்டை தள்ளி முன்னால் நிற்பவள் என் மனைவி மங்கையர்க்கரசி, அவள் திரும்பினால் என் கால் கோட்டை மிதித்திருப்பதைத்தான் முதலில் பார்ப்பாள். திரும்பவில்லை. அவள் பார்ப்பது வேறு பக்கம், வேப்பமரத்தடியில் தெர்மோகோல் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிற நெடுமாறன் இருக்கும் பக்கம். மரத்தையும் பார்க்கலாம், வேம்பு இப்போது இலை உதிர்க்கிற காலம், பார்க்கத் தகுந்த மரம்தான். பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் குப்பிகள், குப்பிகளுக்குள் எங்கள் கல்லூரியின் ஒவ்வொரு விடுதியும் ஒவ்வொரு குடியிருப்பும் இன்று விடியும் முன் வெளியேற்றியது. பத்து மாதம் பூட்டிக் கிடந்த உறைவிடக் கல்லூரியைத் திறப்பதற்கு உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்க, எங்கள் முதல்வர் பிடித்துக்கொண்டது சாக்கடை வழி. நோய் வந்தவருக்கு இருமல் வருவதற்கு முன்பே கிருமி மலத்தில் வந்துவிடுமாம், எல்லார் மூக்கிலும் குச்சி விடுவதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டடத்தின் சாக்கடை மூடியையும் திறந்து ஒரு குப்பி எடுத்துப் பார்த்தால் எந்தக் கட்டடத்தில் நோய் என்று தெரிந்துவிடுமாம், அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு மட்டும் குச்சி. யோசனை நெடுமாறனுடையது, சுற்றுச்சூழல் துறை, இரண்டு வருடம் முன்னால் வந்தவர். குப்பியைச் சோதிப்பது நுண்ணுயிரியல் துறை, அதாவது அரசி. திறப்புக் குழுவில் எனக்குக் கிடைத்தது அறிவிப்புகளின் தமிழ். முகக்கவசத்தில் வல்லினம் மிகுமா என்று முதல்வர் என்னைக் கேட்டார், நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன், அதற்குள் அவர்கள் இருவரும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இன்று காலை கல்லூரி டாக்டர் ஜமீலா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏகாம்பரம் சார், பதறாதீங்க, நேத்து எடுத்த குப்பியில உங்க வீட்டு லைன்ல வந்திருக்கு. நீங்களும் மேடமும் வந்து மூக்கைக் காட்டிட்டுப் போங்க." வந்திருக்கு என்றார், ஊரிலிருந்து யாரோ வந்திறங்கியதைப் போல. பதறவில்லை. முப்பது வருடம் தருக்கம் கற்பித்தவன் பதறக்கூடாது, யோசிக்க வேண்டும், யோசித்ததால்தான் இந்த நிலைமை. எதிரே சிறுமலை உச்சியில் மேகம் புகை மாதிரி படிந்திருக்கிறது, மலையில் புகை ஆகவே மலையில் நெருப்பு என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே அனுமானம்தான், சாக்கடையில் கிருமி, ஆகவே வீட்டில் நோயாளி. எங்களுடையது இரட்டை வீடு, இரண்டுக்கும் ஒரே குழாய், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்தப் பாதி பூட்டியே கிடக்கிறது. மிஞ்சுவது நாங்கள் இருவர். அரசி ஆய்வகத்தில் இருப்பதால் அவளுக்கு அடிக்கடி சோதனை, முந்தாநாள்கூட எடுத்தார்கள், ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை, காய்ச்சல் இல்லை, தொண்டை கரகரக்கவில்லை, வீட்டைப் பூட்டும்போது பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், கண்ணில் நீர் வந்தது. இருவரில் இருவரும் இல்லையென்றால் எஞ்சுவது என்ன? எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதைக் கொள் என்பது தருக்க விதி. மிஞ்சுவது மூன்றாவது ஒருவர். நான் வாயிலில் நின்று பிள்ளைகளின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு காலையில் என் வீட்டுக்குள் வந்துபோன ஒருவர். வந்தவர் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போகவில்லை, பேச்சு சாக்கடையில் இறங்காது. கழிப்பறையைப் பயன்படுத்தியிருக்கிறார். இதுதான் என்னை வாட்டுகிறது. ஒரு வீட்டில் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்கு எவ்வளவு நெருக்கம் வேண்டும், கேட்காமலே தெரிந்திருப்பதற்கு இன்னும் எவ்வளவு வேண்டும், என் சொந்தத் தம்பியே எங்கள் வீட்டுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போகிறவன். பார்வையில் தொடங்கி மடலேறுவது வரைக்கும் காதலின் படிகளை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டார்கள்.

நெடுமாறன் என்ற பெயரையாவது வேறு யாருக்காவது வைத்திருக்கலாம். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று தேநீர் விருந்தில் முழுப்பெயரைக் கேட்ட உடனே என் வாய் சும்மா இருக்கவில்லை, "அப்படியானால் உங்களுக்கு என் மனைவியைப் பதின்மூன்று நூற்றாண்டாகத் தெரியும்" என்றேன், அவர் விழித்தார், நான் விளக்கினேன், கூன் பாண்டியன் என்கிற நெடுமாறனின் பட்டத்து அரசி மங்கையர்க்கரசி, சோழர் மகள், அரசனுக்கு வெப்பு நோய் வந்தபோது பக்கத்திலேயே நின்றவள், எல்லாரும் சிரித்தார்கள், முதல்வர் கைதட்டினார், அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவர்கள் இருவரும் முதல்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் பார்க்கவைத்தேன். அந்தக் கதை முழுக்கத் தேடினாலும் ஏகாம்பரம் என்று ஒருவன் கிடையாது, குதிரைக்குப் புல் போடுகிறவன்கூட இல்லை. அவள் அவரை மாறன் என்று கூப்பிடுகிறாள், பாண்டியருக்குப் பொதுப்பெயர், சரிதான், குறை சொல்ல முடியாது, என்னை என்னங்க என்கிறாள், அதிலும் பாதி நாள் அந்த 'என்ன' மட்டும்தான் காதில் விழுகிறது. அவர் அவளை மேடம் என்பார். மேடம் என்ற சொல்லை இத்தனை விதமாக உச்சரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. "மேடம், டார்ச்சை இப்படிப் பிடிங்க." "மேடம், பாத்து, வழுக்கும்." இதெல்லாம் நான் கற்பனை செய்ததில்லை, கேட்டது, என் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, போன வாரம், இருட்டு பிரிந்துகொண்டிருந்த நேரம். கடப்பாரை இரும்பில் உரசுகிற சத்தத்தில் எழுந்தேன், திரையை விரலால் விலக்கினேன். இரண்டு வெள்ளை அங்கிகள் எங்கள் வீட்டுச் சாக்கடை மூடிக்கு இரு பக்கமும் குந்தியிருந்தன, எது யார் என்றே முதலில் தெரியவில்லை, பிறகு ஒன்று சிரித்தது, அது அரசி. அந்தத் துளையிலிருந்து எழுகிற நாற்றத்தில் ஒரு பெண்ணைச் சிரிக்கவைக்க ஒருவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் இருபத்திரண்டு வருடமாக நல்ல காற்றோட்டமான அறைகளில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். மலைக்குக் குறிஞ்சி, கடலுக்கு நெய்தல், சாக்கடை மூடிக்கு என்ன திணை என்று அங்கேயே திரைக்குப் பின்னால் நின்று யோசித்தேன், பொழுது வைகறை, வைகறை மருதத்துக்கு உரியது, மருதத்தின் உரிப்பொருள் ஊடல், எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர, அங்கே ஊடுகிறவள் தலைவி, திரைக்குப் பின்னால் பனியன் போட்டுக்கொண்டு நிற்கிற தலைவனை எந்த இலக்கணமும் காணவில்லை.

வரிசை நகர்கிறது. முன்னாலிருந்த மெஸ் ஊழியர் ஒருவர் குச்சி உள்ளே போனதும் "ஐயோ மூளையைத் தொட்டுட்டீங்கம்மா" என்று கத்த, "அவ்வளவு தூரம் போனா அங்க ஒண்ணும் இருக்காதுண்ணே" என்று நர்ஸ் சொல்ல, வரிசையே சிரிக்கிறது, அரசியின் தோள் குலுங்குகிறது. இப்போதெல்லாம் அவள் சிரிப்பைத் தோளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு, குப்பிகளைத் தொட ஆரம்பித்த நாளிலிருந்து, அவள் முன்னறையில் படுக்கிறாள், வீட்டுக்குள்ளும் முகக்கவசம், தனித்தட்டு, நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, என்னால ரிஸ்க் எடுக்க முடியாது" என்றாள், அன்பாகத்தான் சொன்னாள், அன்பாகச் சொல்லப்பட்ட பிரிவு என்று ஒரு வகை உண்டா என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். என் மனைவியின் மூக்கை நான் பார்த்து வாரக்கணக்கில் ஆகிறது. மேலுதட்டுக்கு மேலே இடப்பக்கம் ஒரு சின்ன மச்சம், அது அங்கேயே இருக்கிறதா, இடம் மாறிவிட்டதா, எனக்குத் தகவல் இல்லை. ஆனால் நூலக ஜன்னலிலிருந்து ஆய்வக மொட்டைமாடி தெரியும், மதியம் அங்கே அவர்கள் டிபன் பெட்டியைத் திறப்பார்கள், அவள் கவசத்தைக் கழற்றிக் காதில் ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிடுவாள், ஆறடி தள்ளித்தான் அவர், கண்ணாலேயே அளந்தேன், ஆறடிக்கு ஒரு அங்குலம் குறையவில்லை, விதிப்படி நடந்துகொள்கிற ஒருவனை என்ன செய்ய முடியும்? ஆறடி தள்ளி இருந்தால் மச்சம் தெரியும். நூறடி தள்ளி, கண்ணாடிக்குப் பின்னால், பழைய சஞ்சிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை. அரசியின் முறை வந்துவிட்டது. கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்குகிறாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேப்பமரத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு. தற்செயல். மேசை அந்தத் திசையில் போட்டிருக்கிறது. மேசையை அங்கே போட்டது யார்?

என் மூக்கிலும் குச்சி போய் வந்தது, கண்ணில் நீர், தும்மல், "பதினஞ்சு நிமிஷம் அந்தப் படிக்கட்டுல உக்காருங்க சார், கூப்பிடறேன்." பார்வையாளர் படிக்கட்டு. அரசி கீழ்ப்படியில், நான் மேல்படியில், இடையில் யாரும் உட்காராத படிகள். "நைட்டு தூங்கினீங்களா?" என்கிறாள், திரும்பாமல். "தூங்கினேன்." "இருமல் சத்தம் கேட்டுச்சே." "அது தொண்டையைச் செருமினேன்." "ம்." அவ்வளவுதான் பேச்சு. கேட்டுவிடலாம், இப்போதே, யார் வந்தது என்று, நாலே நாலு எழுத்தில் ஒரு கேள்வி, யாரு? இல்லை, அது இரண்டு எழுத்து. கேட்டால் இல்லை என்பாள், இல்லை என்றால் நம்ப வேண்டும், நம்பாவிட்டால் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் இந்த வயதில் வீட்டுக்குள் வேறொரு முகக்கவசம் வந்துவிடும், அதைக் கழற்றவே முடியாது. கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லையா? டாக்டர் கேட்பார். நோய் உறுதியானால் கடந்த நாட்களில் யார் யார் வந்தார்கள், யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்பதுதான் முறை. வாயிலிலிருந்து பிள்ளைகளின் சத்தம் வருகிறது, முதல் தொகுதி இந்த வாரம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது, பெட்டிகள் மேல் மருந்து தெளித்தபோது ஒரு தாய் முறுக்கு டின்னைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு "இதுல அடிக்காதீங்க சாமி" என்று கெஞ்சினாள், இரண்டாம் தொகுதி திங்கட்கிழமை, முந்நூறு பேர், ஏற்கனவே பஸ்ஸுக்குப் பதிவு செய்திருப்பார்கள். எனக்கே வந்திருந்தால்? சர்க்கரை, ஐம்பத்தாறு வயது, தினமும் தொலைக்காட்சியில் சொல்கிற அந்த 'இணைநோய் உள்ளவர்கள்', எங்கள் அறிவிப்புக்கு அதற்கும் தமிழ் தேடிக் கொடுத்தவன் நான்தான், நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். செத்துப்போனால் இவள் அழுவாள், சந்தேகமே இல்லை, நன்றாக அழுவாள். யார் தோளில்? ஆறடி தள்ளி ஒரு தோள். சே, என்ன யோசனை இது. வேப்பமரத்தடியில் அவர் எழுந்து நிற்கிறார், நல்ல உயரம், பெயரைப் பெற்றோர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், பெட்டியை ஒரு கையால் தூக்குகிறார், நான் என்றால் இரண்டு கையாலும் தூக்கி முழங்காலில் ஒருமுறை இறக்கிவைப்பேன். அரசியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறார், கேள்வியாக. அவள் தோளைக் குலுக்குகிறாள். இந்தத் தோள் எந்தத் தோள், சிரிக்கிற தோளா, தெரியாது என்கிற தோளா? அவருக்குப் புரிந்துவிட்டது, தலையாட்டுகிறார். எனக்குப் புரியவில்லை. வேண்டியது ஒன்றுதான், இந்த மனிதர் கொஞ்ச நாள் அவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், வைகறை வெறும் வைகறையாக இருக்க வேண்டும், அதற்குள் நான் அவளிடம் ஏதாவது பேசிவிடுவேன், என்னவென்று தெரியாது, ஏதாவது சிரிப்பு வருகிற மாதிரி.

"ஏகாம்பரம் சார்." டாக்டர் ஜமீலா கையில் வெள்ளைப் பட்டை. "மேடமுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குக் கோடு விழுந்திருக்கு." இறங்கிப்போய்ப் பார்த்தேன், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள், அங்கிருந்து பார்த்தேன், ஒரு கோடு, அதன் கீழே கோடு என்று சொல்லத் தயங்குகிற இன்னொன்று. "மங்கலாகத்தானே இருக்கிறது?" "மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான் சார்." ஆக மிஞ்சியது நான். எல்லாரையும் கழித்தபோது என்னை மட்டும் பெருங்காயத்தை நம்பிக் கழித்துவிட்டேன், மூன்றாவது ஆள் என்று ஒருவர் இல்லை, மலையில் நெருப்பைத் தேடியவன் தன் வேட்டியைப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அரசியின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வையாவது பார்த்திருக்க வேண்டும். அனுமானம் செத்துவிட்டது, ஆனால் அது பெற்றுப்போட்ட சந்தேகம் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, தாய் செத்தது அதற்குத் தெரியாது. "பயப்படாதீங்க, ஆக்சிஜன் நல்லா இருக்கு, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கேட்டார், "இந்த வாரம் வீட்டுக்கு யாராவது வந்தாங்களா சார், மாஸ்க் இல்லாம பக்கத்துல உக்காந்து பேசினது, அப்படி?" யாரும் வரவில்லை. யார் வருவார்கள், பத்து மாதமாகப் பால்காரர்கூட மதில்மேல் வைத்துவிட்டுப் போகிறார். "நெடுமாறன் வந்தார்" என்றது என் குரல், தெளிவாக, வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதைப் போல, "செவ்வாய்க்கிழமை." ஒரு கிழமை இருந்தால் பொய்க்கு முதுகெலும்பு வந்துவிடுகிறது. "எவ்வளவு நேரம்?" "அரை மணி இருக்கும்." டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ அவரும் தனியா இருந்தாகணும். மேடமும் அவரும் கெஸ்ட் ஹவுஸுக்குப் போயிடட்டும், பதினாலு நாள். நீங்க பழைய ஜிம்ல, அங்கதான் நர்ஸ் இருக்காங்க." மேடமும் அவரும். நோயாளியின் தொடர்பில் இருந்தவர்கள் அனைவரும் விருந்தினர் இல்லத்தில் தங்கவைக்கப்படுவர். நான் எழுதிய வாக்கியம். தொடர்பில் உள்ளவர்கள் என்று போடலாமா, இருந்தவர்கள் என்று போடலாமா என்று முதல்வரோடு காலம் பற்றி வாதாடி வென்றவன் நான், இடம் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. விருந்தினர் இல்லம், கல்லூரி எல்லையில், நீளமான ஒரு தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள், முல்லைப் பந்தல், அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டியிருக்கும், கயிற்றில் என் தமிழில் ஒரு பலகை தொங்கும்.

"சாம்பிள் எடுக்க இவங்க ரெண்டு பேரை விட்டா வேற யாருக்கும் தெரியாதே" என்று டாக்டர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "பிரின்சிபால்கிட்ட சொல்லணும், திங்கட்கிழமை வர்ற பிள்ளைங்களை நிறுத்தச் சொல்லணும்." முந்நூறு பெட்டிகள், முந்நூறு முறுக்கு டின்கள் பாதி வழியில் திரும்புகின்றன. "டாக்டர்" என்றேன், "ஒருவேளை நான் குழப்பிக்கொண்டிருக்கலாம். நாள் எல்லாம் கலந்துபோகிறது. அவர் வந்தாரா என்பதே நிச்சயமாக…" "என்ன சார், இப்பதான் அரை மணி நேரம்னு சொன்னீங்க. மறதி இன்னும் சிம்ப்டம்ல வரலையே" என்று சிரித்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் குரலை உயர்த்தினார், "மேடம்! செவ்வாய்க்கிழமை நெடுமாறன் சார் உங்க வீட்டுக்கு வந்தாரா? சார் நிச்சயமா சொல்லமாட்டேங்கிறார்." மெஸ் ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரத்தடியில் அவருக்குக் காதில் விழுந்திருக்காது, ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். அரசி எழுந்து நின்றாள். இல்லை என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும், இத்தனை பேர் முன்னால் நான் பொய்யன் ஆகட்டும், பொறாமைக்காரக் கிழவன் என்று மெஸ்ஸில் ஒரு மாதம் சிரிக்கட்டும், நர்ஸ் நேராக என் முகத்தில் சிரிக்கட்டும், இல்லை என்ற சொல் போதும், திங்கட்கிழமை பஸ்கள் வரும், அவள் மட்டும் முல்லைப் பந்தலின் கீழ்த் தனியாகப் படித்துக்கொண்டிருப்பாள், நான் ஜிம்மில் இருமிக்கொண்டு சந்தோஷமாக இருப்பேன், சொல் அரசி, இல்லை என்று சொல். அவள் என்னைப் பார்த்தாள். கவசத்துக்கு மேலே கண் மட்டும், அதிலிருந்து எதையும் அனுமானிக்க முடியவில்லை.

"வந்தார் டாக்டர்" என்றாள். பிறகு, பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு சின்னப் பிழையைத் திருத்துகிற குரலில், "ஆனா செவ்வாய் இல்ல, வியாழன். தூறிட்டு இருந்துச்சு." வியாழக்கிழமை தூறல் போட்டது உண்மைதான், நான் வாயிலில் நின்று யார் யாருடைய பெட்டிகளுக்கோ குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.